காதால் ஆடும் விளையாட்டுக்குக் காசு கொடுக்கலாமா?

பெரம்பூரிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மகனுக்கு வயது 17. பிறவியிலேயே பார்வை கிடையாது. பிளஸ் டூ படிக்கிறான். தந்தை அச்சகத் தொழிலாளி. தாய் வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுக்கிறார். அக்கா கல்லூரி முடித்து இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். பள்ளியில் அவளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி இன்று தம்பியின் கையில் இருக்கிறது. அதில் அவன் ஓர் ஆடியோ கேமின் இலவச மாதிரியை விளையாடிப் பார்த்திருக்கிறான். திரையில் படமே இல்லாமல், ஒலியை மட்டும் வைத்து ஆடுகிற விளையாட்டு அது. "இடது காதில் வாள் உரசும் சத்தம் கேட்டால் நாற்காலியோடு இடது பக்கம் திரும்புகிறான். தோற்றால் வாய்விட்டுச் சிரிக்கிறான். அவன் இப்படிச் சிரித்து நாளாகிவிட்டது" என்று எழுதுகிறார் அம்மா. முழு விளையாட்டின் விலை 20 டாலர்.

வீட்டில் தகராறு இங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. சென்ற பிறந்த நாளுக்கு அக்கா தன் சம்பளத்தில் 1,999 ரூபாய் கொடுத்து ஓர் இணையக் கடையில் வேறொரு விளையாட்டை வாங்கித் தந்தாள். 'அணுகல் வசதிகள் உண்டு' என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது. திறந்து பார்த்தால் முதல் மெனுவே பேசவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பதிவிறக்கம் செய்துவிட்டால் தர முடியாது என்று பதில் வந்தது. அதனால் அப்பா இனி இதற்கு ஒரு பைசா கிடையாது என்கிறார். போதாக்குறைக்கு, ஆன்லைன் விளையாட்டுகளை அரசே தடை செய்துவிட்டது என்றும் சொல்கிறார். மகனின் நண்பன் திருட்டுப் பிரதி ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். பார்வையற்றவர்களுக்காக நகலெடுக்கச் சட்டமே அனுமதிக்கிறதாம். மாற்றுத்திறனாளிகளுக்கு இவற்றை இலவசமாகவோ பாதி விலையிலோ தரவேண்டும் என்று சட்டம் இல்லையா, போன 1,999 ரூபாய் திரும்புமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான்கைந்து இடங்களில் "வெறும் விளையாட்டுதான், இருந்தாலும் கேட்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். பார்வையுள்ள பிள்ளை கைபேசியில் மணிக்கணக்காக விளையாடினால், நேரம் வீணாகிறது என்று திட்டுவோமே தவிர, "இதனால் உனக்கு என்ன திறமை வளரும்?" என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. பார்வையற்ற பிள்ளை கேட்டால் மட்டும் அது பயிற்சியா, படிப்புக்கு உதவுமா, வேலைக்கு ஆகுமா என்று நியாயம் காட்ட வேண்டியிருக்கிறது. மகிழ்ச்சிக்காக விளையாடுவது அவனுக்கும் உரிமைதான். இந்தியா 2007 அக்டோபரில் ஏற்று உறுதி செய்த, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு பொழுதுபோக்கையும் விளையாட்டையும் ஓய்வையும் உரிமையாகவே பேசுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இலவசம் என்று சட்டம் சொல்கிறதா?

இல்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் உங்கள் மகனுக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை அரசாணைகளாலும் ரயில்வே விதிகளாலும் வருவது. அந்தச் செலவை அரசு ஏற்கிறது. வெளிநாட்டில் மூன்று நான்கு பேர் சேர்ந்து உருவாக்கிய ஒரு விளையாட்டை இலவசமாகத் தரச் சொல்லும் சட்டம் நம்மிடமும் இல்லை, எனக்குத் தெரிந்த வேறு நாட்டிலும் இல்லை. அமெரிக்கச் சட்டம்கூட 2019 தொடக்கத்திலிருந்து விளையாட்டுக்குள் நடக்கும் உரையாடல் வசதியை மட்டும்தான் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி அமைக்கக் கட்டாயப்படுத்துகிறது. விளையாட்டு முழுவதையும் அல்ல.

நம்முடைய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வேறு விதத்தில் உதவுகிறது. பொழுதுபோக்கில் மாற்றுத்திறனாளிகளும் பங்கேற்பதற்கான தொழில்நுட்பத்தையும் கருவிகளையும் உருவாக்க நடவடிக்கை எடுப்பது அரசின் கடமை என்கிறது அதன் 29-ஆவது பிரிவு. 42-ஆவது பிரிவு மின்னணு ஊடக உள்ளடக்கத்தையும், 43-ஆவது பிரிவு நுகர்பொருள்களையும் பற்றிப் பேசுகின்றன. மூன்றுமே அரசின் மீது சுமத்தப்பட்ட கடமைகள். கடைக்காரரிடம் போய் 43-ஆவது பிரிவைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்ல முடியாது. ஆனால் அரசிடம் கேட்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கென ஒரு பிரிவு இருக்கிறது. பூந்தமல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் நான்கைந்து ஆடியோ கேம்களை உரிமத்தோடு வாங்கி வைத்தால் எத்தனையோ பிள்ளைகள் போய் விளையாடலாம். 29-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு கொடுங்கள். உங்கள் மகனே எழுதட்டும். அவனுடைய பள்ளித் தோழர்களும் கையெழுத்துப் போடட்டும். உடனே பலன் கிடைக்கும் என்று உறுதி தர என்னால் முடியாது. ஆனால் சட்டத்தில் இடம் இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு.

விலை ஏன் இவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். 2021-இல் வந்த 'தி வேல்', 2017-இல் வந்த 'எ ஹீரோஸ் கால்' என்ற ஆடியோ கேம்கள் இரண்டும் ஏறத்தாழ இதே 20 டாலர் விலையில் வந்தவைதான். படம் வரையும் செலவு இல்லாவிட்டாலும் ஒலிக்கு உழைப்பு அதிகம். காலடி ஓசை பின்பக்கம் இடது மூலையிலிருந்து வருகிறதென்றால், காதுக்கு அப்படியே தோன்றும்படி ஒவ்வோர் ஒலியையும் அமைக்க வேண்டும். நடிகர்களைப் பேசவைக்க வேண்டும். வாங்குபவர்களோ கொஞ்சம் பேர். லட்சக்கணக்கில் விற்பவர் விலையைக் குறைத்தும் பிழைத்துக்கொள்வார், இவர்களால் முடியாது. இந்தத் துறையில் பெருந்தன்மையும் இருந்திருக்கிறது. 1997-இல் ஜப்பானியரான கென்ஜி ஈனோ படமே இல்லாத ஒரு விளையாட்டை உருவாக்கி, சேகா நிறுவனத்தின் விளையாட்டுக் கருவிக்கு மட்டும் தரச் சம்மதித்தபோது ஒரு நிபந்தனை வைத்தார்: பார்வையற்றோருக்கு ஆயிரம் கருவிகளைச் சேகா நன்கொடையாகத் தர வேண்டும். நிறுவனம் சம்மதித்தது, ஈனோ தன் விளையாட்டின் பிரதிகளையும் சேர்த்துக் கொடுத்தார். அவரை எந்தச் சட்டமும் அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை.

நண்பன் தரும் பிரதி

அந்த நண்பன் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறான். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(zb) உட்பிரிவு, மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவத்தில் எந்தப் படைப்பையும் மாற்றவும் நகலெடுக்கவும் சொந்தப் பயன்பாட்டுக்குப் பகிரவும் அனுமதிக்கிறது. பாடப்புத்தகத்தை ஸ்கேன் செய்து உங்கள் மகனுக்குப் பேசும் கோப்பாகக் கொடுக்கிறார்களே, அதற்குத் துணை நிற்பது இந்தப் பிரிவுதான். இது போராடிப் பெற்ற உரிமை. அதைத் தொடர்ந்து 2014-இல், பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை நகலெடுக்க வழி செய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா.

ஆனால் அந்த விதிவிலக்கின் உயிர்நாடி ஒன்று உண்டு: சாதாரண வடிவத்தில் அந்தப் படைப்பை அனுபவிக்க முடியாத நிலை இருக்க வேண்டும். ஆடியோ கேம் தொடக்கத்திலிருந்தே பார்வையற்றவருக்காகச் செய்யப்பட்டது. அதன் பூட்டை உடைத்து நகலெடுப்பதால் புதிதாக எந்த அணுகலும் உண்டாவதில்லை, விலை மட்டும் மிச்சமாகிறது. அதற்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 63-பி பிரிவின் கீழ் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். லாப நோக்கம் இல்லையென்றால் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பிளஸ் டூ மாணவன் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டும் என்று உங்களைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. நடைமுறையில் அப்படி நடப்பது அரிது. நான் கவலைப்படுவது வேறு இரண்டு விஷயங்களுக்காக. பூட்டுடைத்த கோப்புகளோடு வைரஸ் வந்தால், படிப்புக்கும் அவன் நம்பியிருக்கும் அந்த ஒரே மடிக்கணினி முடங்கும். அடுத்தது, சிறிய குழுவினரின் விளையாட்டைத் திருடினால் அவர்கள் அடுத்ததைச் செய்யவே மாட்டார்கள். அந்த நஷ்டம் உங்கள் மகனைப் போன்றவர்களுக்குத்தான்.

இதற்கு நேர்மாறானதும் ஒன்று இருக்கிறது. பார்வையுள்ளவர்களுக்கான விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி, அதன் மெனுவையும் பொருள்களையும் பேசவைக்கும் துணை நிரலை அதில் சேர்ப்பது. 'மாட்' என்பார்கள். 'ஸ்டார்டியூ வேலி', 'ஸ்லே தி ஸ்பயர்' போன்ற விளையாட்டுகளுக்கு ஆர்வலர்கள் இப்படி எழுதி இலவசமாகத் தந்திருக்கிறார்கள். என் பார்வையில் 52(1)(zb) காக்க நினைப்பது இந்த மாதிரி முயற்சியைத்தான். மூல விளையாட்டு புதுப்பிக்கப்படும்போது இவை சில நாள் பேசாமல் போகலாம். அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

போன 1,999 ரூபாய்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். 20 டாலர் அதிக விலையாக இருக்கலாம், ஆனால் அநீதி அல்ல. காசு கொடுக்கும் முன் தன்னால் விளையாட முடியுமா என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் ஒரு பிள்ளையை விட்டதுதான் அநீதி. பார்வையுள்ளவர் படத்தைப் பார்த்துவிட்டு வாங்குகிறார். உங்கள் மகனுக்கு அந்த ஒரு வரி அறிவிப்பைத் தவிர வேறு ஆதாரம் இருக்கவில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இணையத்தில் வாங்கும் டிஜிட்டல் பொருளுக்கும் பொருந்தும். 2020-இல் வந்த மின்வணிக விதிகள், இந்தியாவில் தொடர்ந்து விற்பனை செய்யும் வெளிநாட்டு நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும். நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே கடையின் பொது உதவிப் பக்கத்தில் வந்த மறுப்போடு நின்றுவிடாமல், குறைதீர் அலுவலருக்கே எழுதுங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த நாட்டில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி செய்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வாங்கிய இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். 'அணுகல் வசதிகள்' என்று போட்டிருந்தது நிறக்குருடு உள்ளவர்களுக்கான வண்ண மாற்றமாகவோ, காது கேளாதோருக்கான வசன வரிகளாகவோ இருக்கலாம். அப்படியானால் அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நிரூபிப்பது கடினம். தெளிவில்லாமல் சொல்லி வாங்கவைத்தார்கள் என்றுதான் வாதாட முடியும். மெனு பேசும் என்றோ பார்வையற்றோர் விளையாடலாம் என்றோ எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும். அதனால் மகளை இன்றே அந்தப் பக்கத்தைத் திரைப்பதிவு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். நாளை அந்த வரி மாறியிருக்கக்கூடும். தீர்ப்புகளின் காற்றும் இப்போது சாதகமாக வீசுகிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்றது. இரண்டும் விளையாட்டைப் பற்றியவை அல்ல. ஆனாலும் உங்கள் புகாரில் மேற்கோள் காட்டத் தகுந்தவை.

உங்கள் கணவரின் அச்சம்

அவர் சொல்வதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். பணம் கட்டி ஆடும் சூதாட்டத்தால் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதை நினைத்துத்தான் அவர் பேசுகிறார். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும், 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமும் குறிவைப்பது பந்தயப் பணம் வைத்துப் பரிசுப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, வீட்டில் தனியாக ஆடும் கதை விளையாட்டு அந்தத் தடைக்குள் வராது. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பொதுத்தேர்வு முடியும்வரை விளையாட்டு நேரத்துக்கு வரம்பு வைக்க அவர் விரும்பினால், அதை அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். பார்வையுள்ள மகனுக்கு வைக்கும் வரம்பே இவனுக்கும் போதும்.

எவ்வளவு செலவாகும், எப்படிக் குறைக்கலாம்?

உறவினர் ஒருவர், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர்களில் விலை உயர்ந்த ஜாஸ் மென்பொருள் இல்லாமல் எதுவும் நடக்காது என்றாராம். தேவையில்லை. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் முற்றிலும் இலவசம். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்களின் முயற்சி அது; 2006-இல் தொடங்கியது. தமிழையும் வாசிக்கும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகும் விளையாட்டுக் கருவியும் இப்போது வேண்டாம். 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகளோடு வந்து, பார்வையற்றவர்களே முழுவதும் ஆடி முடித்த விளையாட்டுதான். அதை அவன் சம்பாதிக்கும் காலத்தில் வாங்கிக்கொள்ளட்டும். ஆடியோ கேமுக்கு வரைகலைச் சுமை இல்லாததால் பெரும்பாலும் பழைய மடிக்கணினியே தாங்கும். செலவு செய்வதானால் ஒரு நல்ல ஹெட்போனுக்குச் செய்யுங்கள். ரிச்சி தெருவுக்கு அவனையே அழைத்துப் போய், காதில் மாட்டி இடம் வலம் பிரிந்து கேட்கிறதா என்று அவன் சொன்ன பிறகு வாங்குங்கள்.

20 டாலர் கொடுப்பதற்கு முன், அதே விளையாட்டு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ரூபாய் விலையில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டுக்கென்று விலையைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. அங்கே யுபிஐ மூலமும் கட்டலாம்; கோடையிலும் ஆண்டு இறுதியிலும் தள்ளுபடி வரும். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வாங்கியதும் முதல் அரைமணி நேரத்தை மெனு பேசுகிறதா என்று சோதிக்க மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டாலரில்தான் கட்ட வேண்டும் என்றால், வங்கி கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு முதலில் முடக்கப்பட்டே வரும். செயலியில் அதைத் திறந்து, பணம் கட்டியதும் மறுபடி மூடிவிடுங்கள். விலைக்கு மேல் அந்நியச் செலாவணிக் கட்டணமாகச் சில சதவீதம் வங்கியும் எடுக்கும்.

கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. நாளை தகராறு வந்தால் புகார்தாரராக நீங்கள் நிற்பது எளிது. ஓடிபியை நண்பர்களிடம் படிக்கச் சொல்லும் பழக்கம் அவனுக்கு இருந்தால் இப்போதே நிறுத்துங்கள். ஸ்கிரீன் ரீடரே படித்துவிடும். நிறுவல் கோப்பையும் உரிமச் சாவியையும் பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள். நாம் வாங்குவது உரிமம்தான், விளையாட்டு கடையிலிருந்தே மறைந்துபோகலாம். 2010-இல் ஐபோனுக்கு வந்து பெயர் பெற்ற 'பாப்பா சாங்ரே' என்ற ஆடியோ கேமை இன்று ஆப் ஸ்டோரில் வாங்க முடியாது.

காசே இல்லாமலும் நிறைய ஆடலாம். குவென்டின்-சி பிளேரூமில் சீட்டாட்டம் முதல் பலகை ஆட்டங்கள் வரை உலகெங்கும் உள்ளவர்களோடு ஆட முடியும். 'ஆல்டர் ஈயான்' எழுத்தாலேயே நடக்கும் சாகச விளையாட்டு. லிசெஸ் தளத்தில் பார்வையற்றோருக்கான தனி முறையில் செஸ் ஆடலாம். பெரும்பாலும் ஆங்கிலம்தான், அவனுக்கு எவ்வளவு பிடிபடுகிறது என்று இவற்றில் தெரிந்துகொண்டு, பிறகு 20 டாலரைப் பற்றி முடிவெடுக்கலாம். பிடிபடுகிறது, ஆசையும் குறையவில்லை என்றால் வாங்கிக் கொடுங்கள் என்பதே என் கருத்து. தையல் கூலியிலிருந்து அந்தப் பணத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் கனம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் தள்ளுபடி வரும்வரை காத்திருக்கச் சொல்கிறேன்.

1,999 ரூபாய் ரசீது, திரைப்பதிவுகள், கடை அனுப்பிய மறுப்பு மூன்றையும் அனுப்பினால் குறைதீர் அலுவலருக்கான புகாரை நான் எழுதித் தருகிறேன். கட்டணம் வேண்டாம். புகாரில் உங்கள் பெயருக்குக் கீழே மகனின் பெயரையும், அந்த மெனுவைத் திறந்தபோது தனக்கு என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று அவனே சொல்லும் ஒரு பத்தியையும் சேர்ப்போம். அதை மட்டும் அவனிடம் தட்டச்சு செய்து வாங்கி அனுப்புங்கள்.